மெத்தையைத் தூக்கிப் போடாதீர்கள், முதலில் டார்ச்சை எடுங்கள்

கேள்வி: மூன்று வாரமாகக் காலையில் எழுந்தால் கையிலும் கழுத்திலும் வரிசையாகச் சிவந்த தடிப்புகள். கொசு என்று நினைத்து வலை கட்டினேன், நிற்கவில்லை. ஆறு வயது மகளுக்கும் இதே தொல்லை. பக்கத்திலேயே படுக்கும் கணவருக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. போன வாரம் விரிப்பை மாற்றும்போது மெத்தை ஓரத்தில் கரும்புள்ளிகளைப் பார்த்தேன். ஒரு பூச்சியும் ஓடியது. மூட்டைப்பூச்சிதான். ஸ்ப்ரே வாங்கி மூன்று முறை அடித்தும் போகவில்லை. இப்போது ஹால் சோபாவில் படுக்கிறோம். வீட்டைத் தினமும் பெருக்கித் துடைப்பவள் நான். வெளியே சொல்லவே கூசுகிறது. மெத்தை, கட்டில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாமா? இதனால் நோய் ஏதும் வருமா? அடுத்த மாதம் மாமியார் வந்து தங்கப்போகிறார். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பூச்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் கூச்சத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். மூட்டைப்பூச்சி அழுக்கைத் தின்பதில்லை. கீழே சிந்திய சோறோ குப்பையோ அதற்குத் தேவையில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் சாகும்வரை அதற்கு ஒரே உணவு ரத்தம்தான். கரப்பான் சமையலறை எச்சிலைத் தேடி வரும். மூட்டைப்பூச்சி நாம் விடும் மூச்சையும் நம் உடம்புச் சூட்டையும் தேடி வரும். மூச்சு விடும் மனிதர்கள் இருக்கும் எந்த வீட்டுக்கும் அது வரலாம். கண்ணாடி போல் துடைத்து வைத்த வீடுகளிலும் இதை எடுத்திருக்கிறேன். சாமான் அடைந்து கிடக்கும் வீட்டில் அது ஒளிய இடம் அதிகம், எடுப்பது கஷ்டம். சுத்தத்துக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக்கு எப்படி வந்திருக்கும் என்று யோசித்துக் குழம்ப வேண்டாம். வெளியூரில் தங்கிவிட்டு வந்த சூட்கேஸ், யாரோ பயன்படுத்திய நாற்காலி, பேருந்து இருக்கை, பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் என்று எதுவாகவும் இருக்கலாம். இணைசேர்ந்த ஒரே ஒரு பெண் பூச்சி பையின் மடிப்பில் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும். இத்தனை வருடத் தொழிலில் நான் பார்த்த மோசமான வீடுகளில் பாதிக்குக் காரணம் இந்தக் கூச்சம்தான். ஒரு அறையோடு முடிந்திருக்க வேண்டியதை ஆறு மாதம் மூடி மறைத்து, கடைசியில் நான்கு அறையையும் பிரித்துப்போட வேண்டியதாகிவிடும். நீங்கள் மூன்றாவது வாரத்திலேயே எழுதிவிட்டீர்கள். அது உங்களுக்குச் சாதகம்.

கணவரை ஏன் கடிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் அவரையும் கடித்துக்கொண்டுதான் இருக்கும். பூச்சி கடிக்கும்போது ரத்தம் உறையாமலிருக்கத் தன் எச்சிலைத் தோலுக்குள் விடுகிறது. அந்த எச்சிலை உடம்பு எதிர்ப்பதால்தான் தடிப்பும் அரிப்பும். ஒருவருக்குச் சில மணி நேரத்தில் தடிக்கும், இன்னொருவருக்குப் பல நாள் கழித்து. சிலருக்குத் தடிப்பே வராது. கனடாவில் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் ரெஜின் கிரீஸ் என்ற உயிரியலாளர், ஆராய்ச்சிக்காக வளர்த்த மூட்டைப்பூச்சிகளுக்கு வாராவாரம் தன் கையையே கொடுத்து ரத்தம் குடிக்க விட்டார். ஒரு லட்சத்து எண்பதாயிரம் கடிக்கு மேல் வாங்கினார். அவருக்கு லேசான தடிப்பு மட்டுமே வந்ததால்தான் அவரால் அப்படிச் செய்ய முடிந்தது. ஆகவே கணவர் பக்கம் சுத்தமாக இருக்கிறது என்று நம்பி, மெத்தையின் அந்தப் பாதியைச் சோதிக்காமல் விட்டுவிடாதீர்கள். வயதானவர்களுக்கும் பல நேரம் தடிப்பே வருவதில்லை. மாமியார் வந்து தங்கி ஒன்றும் சொல்லாவிட்டால் பூச்சி போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நோயைப் பற்றிய பயத்துக்கு நேரான பதில்: வீடுகளில் மூட்டைப்பூச்சி கடித்து மனிதருக்கு நோய் பரவியதாக இதுவரை நிரூபணமில்லை. அதற்காக அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். சொறிந்து புண்ணாகிச் சீழ் பிடிப்பதுதான் குழந்தைகளிடம் நான் அதிகம் பார்ப்பது. மகளின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். புண்ணில் சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தூக்கம் கெட்டுப்போவதையும் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பல வாரம் தூங்காதவர் அவசரப்பட்டு எடுக்கும் முடிவுகள்தான் பெரும்பாலும் ஆபத்தில் கொண்டுபோய் விடுகின்றன. அதற்கு வருகிறேன்.

முதலில், நீங்கள் யாரோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். வளர்ந்த பூச்சி ஆப்பிள் விதை அளவுதான் இருக்கும், ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். பழுப்புச் சிவப்பு நிறம். பசியோடிருக்கும்போது காகிதம் போலத் தட்டை, குடித்த பின் உருண்டு நீளும். இறக்கை கிடையாது. பறக்காது, குதிக்காது, நடக்கத்தான் தெரியும். குஞ்சுகள் வைக்கோல் நிறத்தில் கண்ணுக்கே தெரியாதபடி இருக்கும், ரத்தம் உள்ளே போனதும்தான் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். முட்டை 1 மில்லிமீட்டர், வெள்ளை, மரத்தோடும் துணியோடும் பசை போட்டதுபோல ஒட்டியிருக்கும். சாதாரண அறைச் சூட்டில் ஒரு வாரம் பத்து நாளில் பொரிந்துவிடும். குஞ்சு ஐந்து முறை தோலுரித்துப் பெரிதாகிறது. ஒவ்வொரு உரிப்புக்கும் முன்னால் ஒரு முறையாவது ரத்தம் வேண்டும். உணவும் சூடும் சரியாகக் கிடைத்தால் முட்டை போட்ட ஒன்றரை மாதத்தில் அதுவும் முட்டை போடும் வயதுக்கு வந்துவிடும்.

இவ்வளவையும் சொல்வது உங்கள் ஸ்ப்ரே ஏன் தோற்றது என்று விளங்கத்தான். வெளியே நடமாடிய நாலைந்து பூச்சி செத்திருக்கும். மெத்தைத் தையலுக்குள்ளும் கட்டில் பொருத்துக்குள்ளும் அடைந்திருக்கும் கூட்டத்தின் மேல் மருந்து படவேயில்லை. முட்டையைப் பெரும்பாலான மருந்துகள் கொல்வதில்லை, அடுத்த வாரம் புதிதாக ஒரு கூட்டம் பொரிந்து வந்துவிடும். மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாதது: மருந்துக்கே இவை பழகிவிட்டன. டிடிடி வந்தபோது மூட்டைப்பூச்சியின் கதை முடிந்தது என்றுதான் உலகம் நினைத்தது. அதன் பூச்சிக்கொல்லிக் குணத்தைக் கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஹவாயில் பேர்ல் ஹார்பர் ராணுவக் குடியிருப்புகளில் டிடிடிக்குச் சாகாத மூட்டைப்பூச்சிகள் தென்பட்டுவிட்டன. இன்று ஸ்ப்ரே டப்பாக்களில் அதிகம் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. அதற்கும் உலகம் முழுக்க எதிர்ப்பு வளர்ந்திருக்கிறது. கூட்டை விட்டுவிட்டு வெளியே ஓடுவதன் மேல் அடிப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை.

அறையை மூடிவிட்டுப் புகையவிடும் டப்பாக்களும் பயன்படாது. புகை விரிசலுக்குள் புகாமல் மேலாகவும் தரையிலும் படிந்துவிடும். கரப்பானுக்கு வைக்கும் விஷ உணவை இது தொடாது, ரத்தம் மட்டும் குடிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? அந்துருண்டையை நம்பியும் நாளைக் கடத்தாதீர்கள். ஒலி எழுப்பி விரட்டுவதாக விற்கும் கருவிகளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், ஸ்பிரிட் எதையும் மெத்தையில் ஊற்றாதீர்கள். அப்படிச் செய்து வீடே எரிந்திருக்கிறது. பயிருக்கு அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யாராவது சிபாரிசு செய்தால் காதிலேயே வாங்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் வாயு பூட்டிய அறையோடு நிற்காது. சுவர் விரிசல் வழியே பக்கத்து வீட்டுக்குப் போய், தூங்கிய குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்பார்கள். நான் பயப்படுவதெல்லாம் அதற்குத்தான். அப்புறம், நீங்கள் ஏற்கெனவே அடித்த ஸ்ப்ரேயின் லேபிளைப் பாருங்கள். படுக்கையில் அடிக்கலாம் என்று அதில் தெளிவாக எழுதியில்லை என்றால், மருந்து பட்ட விரிப்பு, உறை, போர்வை எல்லாவற்றையும் துவைக்காமல் மகளைப் படுக்க வைக்காதீர்கள். இனி அதை அடிக்கவும் வேண்டாம்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். முதல் காரியம், சோபாவை விட்டுப் படுக்கையறைக்கே திரும்புங்கள். கேட்க விநோதமாக இருக்கும். நீங்கள் ஹாலுக்குப் போனால் பசித்த பூச்சி உங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாளில் ஹாலுக்கும் வரும். தலையணை போர்வையோடு நீங்களே கொண்டுபோயும் விடுவீர்கள். ஒரு அறைப் பிரச்சினை இரண்டு அறைப் பிரச்சினையாகும். அறையைப் பூட்டிப் பட்டினி போடலாம் என்றால் அது பல மாதம் தாங்கும், குளிர்ந்த இடமானால் ஒரு வருடத்துக்கு மேலும் தாங்கும். ஒரு பகல் முழுக்க ஒதுக்கிக் கட்டிலைச் சரிசெய்துவிட்டு அன்றிரவே அதில் படுங்கள். சோபாவையும் அதே பகலில் சோதித்துவிடுங்கள்.

அந்தப் பகலுக்கு வேண்டியவை: நல்ல டார்ச், காலாவதியான பிளாஸ்டிக் கார்டு ஒன்று, ஸ்க்ரூடிரைவர், சோப்புத் தண்ணீர் கலந்த ஒரு டப்பா, இறுக்கிக் கட்டக்கூடிய பெரிய பிளாஸ்டிக் பைகள். படுக்கைத் துணிகளை உதறாமல், அந்த அறையிலேயே சுருட்டிப் பைக்குள் போட்டு வாயைக் கட்டிவிட்டு, அப்புறம் வெளியே எடுங்கள். கையில் அள்ளிக்கொண்டு ஹால் வழியே நடந்தால் வழியெல்லாம் விதைத்துக்கொண்டே போவீர்கள். மெத்தையை நிமிர்த்தி, ஓரத் தையலின் மடிப்பைக் கார்டால் நெம்பி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். நீங்கள் பார்த்த கரும்புள்ளி அதன் கழிவு, செரித்த ரத்தம். ஈரத்துணியால் தேய்த்தால் செம்பழுப்பாக இழுபடும். சாதாரண அழுக்கு அப்படி இழுபடாது. உரித்துப் போட்ட தோல்கள் கண்ணாடித் தாள் மாதிரி பூச்சியின் வடிவத்திலேயே கிடக்கும். கைப்பிடி, லேபிள், பட்டன் குழி, நான்கு மூலை எதையும் விடாதீர்கள்.

மெத்தையோடு முக்கால்வாசிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. ஒரு வீட்டில் மூன்று முறை மருந்தடித்தும் போகவில்லை என்று கூப்பிட்டார்கள். புது மெத்தையும் வாங்கிவிட்டிருந்தார்கள். தலைமாட்டுப் பலகையைச் சுவரிலிருந்து நகர்த்தி, அதைக் கட்டிலோடு பிடித்திருந்த ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினேன். சுண்டுவிரல்கூட நுழையாத அந்த ஓட்டைக்குள் பதினோரு பூச்சி, சுற்றி ரவையைத் தூவினாற்போல முட்டைகள். நூற்றைம்பது சென்டிமீட்டர் அகலமுள்ள மெத்தையில் ஒன்றுகூட இல்லை. அந்த அம்மா ஓட்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அழுதுவிட்டார், பாவம். இரண்டு மாதமாக அவர் தலைக்கு ஒரு சாண் தள்ளி அவை குடியிருந்திருக்கின்றன. அதனால் கட்டிலைப் பிரியுங்கள். பலகைகள் சேரும் பொருத்து, ஸ்க்ரூ ஓட்டை, அடிச்சட்டம், கால் நுனி எல்லாவற்றையும் பாருங்கள். அப்புறம் கட்டிலைச் சுற்றி இரண்டரை மீட்டருக்குள் இருக்கும் அனைத்தையும் பாருங்கள்: பக்கத்து மேசையின் இழுப்பறை, திரைச்சீலை மடிப்பு, சுவரில் மாட்டிய படத்தின் பின்பக்கம், புத்தக முதுகு, கடிகாரம். ஸ்விட்ச் பலகைக்குப் பின்னாலும் ஒளியும். ஆனால் அதை நீங்கள் திறக்க வேண்டாம், மின்சாரம் தெரிந்தவர் செய்யட்டும்.

கண்ணில் பட்டதைக் கார்டால் சுரண்டிச் சோப்புத் தண்ணீரில் தள்ளுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் குறுகிய முனையை மாட்டித் தையலிலும் பொருத்திலும் அழுத்தி இழுங்கள். முட்டை ஒட்டியிருப்பதால் முதலில் சுரண்டிவிட்டுத்தான் உறிஞ்ச வேண்டும். முடிந்த கையோடு தூசிப் பையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே போட்டுவிடுங்கள். கருவியை அப்படியே அலமாரியில் வைத்தால் உள்ளே போனது திரும்பி நடந்து வரும்.

கொல்வதற்கு நம் கையிலிருக்கும் சிறந்த ஆயுதம் சூடு. அதற்கு எதிர்ப்பு வளர்ந்து நான் பார்த்ததில்லை. 48 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் இருந்தால் பூச்சி சாகும். முட்டைக்கு அதே சூட்டில் ஒன்றரை மணி நேரம் வரை பிடிக்கும். 55 டிகிரியைத் தாண்டினால் இரண்டுமே சீக்கிரம் போய்விடும். துணிகளை 60 டிகிரித் தண்ணீரில் துவையுங்கள். துணி உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அதிகச் சூட்டில் அரைமணி நேரம் ஓடவிடுங்கள். துவைத்த துணியைப் புதுப் பையில் கட்டி வையுங்கள், பழைய பையில் திரும்பப் போடாதீர்கள். நீராவிக் கருவி கிடைத்தால் தையலிலும் பொருத்திலும் மிக மெதுவாக நகர்த்துங்கள். வேகமாக இழுத்தால் சூடு உள்ளே இறங்காது. நனைக்க முடியாத பொம்மை, புத்தகம், செருப்பு ஆகியவற்றைப் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி இருக்கும் ஃப்ரீசரில் முழுதாக நான்கு நாள் வைக்கலாம். மெத்தையை வெயிலில் போடுவதைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மேல்பக்கம் சுடும், பூச்சி நிழல் பக்கம் இறங்கிக்கொள்ளும், மெத்தையின் நடுவில் அந்தச் சூடு ஏறவே ஏறாது. போடுவதால் கெடுதலில்லை, அதையே வைத்தியமாக நம்பக் கூடாது.

இதையெல்லாம் செய்துவிட்டால் மெத்தையைத் தூக்கிப் போட வேண்டிய அவசியமே வராது. பழைய மெத்தையை மாடிப்படி வழியே இழுத்துப் போகும்போது பூச்சி உதிர்ந்து மற்ற வீடுகளுக்கும் போகும். வெளியே வைத்தால் இல்லாதப்பட்ட யாரோ எடுத்துப் போவார்கள். புது மெத்தையிலோ கட்டிலில் மிச்சமிருக்கும் பூச்சி ஒரே இரவில் ஏறிவிடும். அதற்குப் பதில் மூட்டைப்பூச்சிக்கென்றே செய்த, ஆறு பக்கமும் மூடி ஜிப் போடும் மெத்தை உறை வாங்குங்கள். உள்ளே மாட்டியது வெளியே வர முடியாமல் அங்கேயே சாகும். ஒரு வருடத்துக்கு அதைக் கழற்ற வேண்டாம். வெளிப்பக்கம் வெறும் வழவழப்பாக இருப்பதால் இனி சோதிப்பதும் சுலபம்.

அடுத்து, கட்டிலை ஒரு தீவாக்க வேண்டும். சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளிப் போடுங்கள். போர்வையோ கொசுவலையோ தரையைத் தொடக் கூடாது. ஒவ்வொரு காலுக்கு அடியிலும் பூச்சி பிடிக்கும் கிண்ணம் வையுங்கள். வெளிச்சுவர் சொரசொரப்பாகவும் உள்சுவர் வழுக்கலாகவும் இருப்பதால் ஏறி உள்ளே விழும், திரும்ப ஏறாது. வெப்ப நாடுகளில் அதிகமுள்ள மூட்டைப்பூச்சி வகைக்கு வழுக்கும் சுவரிலும் ஏறத் தெரியும். அதனால் உள்பக்கம் டால்கம் பவுடரை விரலால் மெல்லியதாகத் தடவி வையுங்கள். வாரம் ஒரு முறை டார்ச் அடித்துப் பார்த்து, எத்தனை விழுந்தது என்று ஒரு தாளில் தேதியோடு எழுதுங்கள். பல ஆலோசனைகளில் இந்தத் தாளைச் சொல்வதே இல்லை. எனக்கு அதுதான் முக்கியம். தடிப்பை எண்ணி எதையும் தீர்மானிக்க முடியாது, கிண்ணத்தில் விழுந்ததை எண்ணி முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு வாரத்தில் கிண்ணத்தில் விழுவது குறையவில்லை என்றால், அல்லது இப்போதே இரண்டாவது அறையிலும் அடையாளம் தெரிந்தால், உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். வருபவரிடம் கேளுங்கள்: மருந்தின் பெயர் என்ன, அது வீட்டுக்குள் அடிக்க அனுமதி பெற்றதா, குழந்தை இருக்கும் வீட்டில் எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே வரலாம், இரண்டாம் முறை எப்போது வருவீர்கள்? முட்டை பொரிந்த பின்னால் வந்து மறுபடி அடித்தால்தான் வேலை முடியும். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவில் சுமார் இரண்டு வாரம் விடுவது வழக்கம். கட்டிலைப் பிரிக்காமல், டார்ச்சைக் கையில் எடுக்காமல், ஒரே அடியில் ஒழித்துத் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்பு என்றால் பக்கத்து, மேல், கீழ் வீடுகளுக்கும் தகவல் சொல்லுங்கள். கஷ்டம்தான், தெரியும். "எங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சி பார்த்தோம், உங்கள் மெத்தையையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சாதாரணமாகச் சொன்னால், பாதிப் பேர் எங்கள் வீட்டிலும் இருக்கிறது என்பார்கள்.

மாமியாருக்கும் இதையே இப்போதே போனில் சொல்லிவிடுங்கள். முடிந்தால் பயணத்தை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். கிண்ணத்திலும் தையலிலும் தொடர்ந்து இரண்டு மாதம் ஒன்றுமே தென்படாமல் இருந்தால்தான் போய்விட்டது என்று நான் சொல்வேன். தள்ளிப்போட முடியாது என்றால், அவருக்குப் பூச்சி இல்லாத அறையைக் கொடுங்கள், அந்தக் கட்டில் காலுக்கும் கிண்ணம் வையுங்கள். பெட்டியைக் கட்டிலிலோ தரையிலோ வைக்காமல், மாற்றுத் துணியைக் கட்டிய பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உடுத்திய துணி தரையில் கிடக்க வேண்டாம், மனித வாசனை ஏறிய துணியை இந்தப் பூச்சி தேடிப் போகும். ஊருக்குத் திரும்பியதும் கொண்டுபோன துணி அத்தனையையும் சூடான தண்ணீரில் துவைத்துவிட்டுத்தான் அலமாரியில் வைக்க வேண்டும் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.